கூரைமேல ஒண்ணுமில்லைங்க

அந்தத் தெருவில் வெயிலைத் திட்டுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பக்கத்துத் தெருக்களில் கோடை பிறந்துவிட்டால் விசிறியும் கையுமாக உட்கார்ந்து சூரியனுக்குச் சாபம் கொடுப்பார்கள். இங்கே வானம் மூடினால்தான் முகம் சுருங்கும். ஒரு மேகம் வந்து நின்றால் போதும், இது எங்கேயிருந்து வந்து தொலைந்தது என்று பெண்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். சோறு போடுகிறவனைத் திட்டலாமா?

ஊர் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் கவர்கள்தான் அவர்களுடைய பிழைப்பு. பால் ஒட்டியது, எண்ணெய் ஒட்டியது, அழுகின தக்காளி ஒட்டியது என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முடிச்சை அறுத்து, கைப்பிடியை வெட்டி, வெள்ளை வேறு கலர் வேறு என்று பிரிக்க வேண்டும். பிறகு தெருக்கோடித் தொட்டியில் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை. பிழிந்த ஈரக் கவரை ஏணியில் சுமந்து ஏறித் தகரக் கூரையில் பரப்பிவிட்டால், மேலேயிருந்து வெயில் ஒரு பக்கம் வாட்டும், கீழேயிருந்து தகரம் ஒரு பக்கம் வாட்டும். நடுவில் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். காற்று கொண்டுபோகாமல் இருக்க மேலே உடைந்த செங்கல்லை வைப்பார்கள். காய்ந்த கவர் கையில் எடுத்தால் சருகு மாதிரிச் சலசலக்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் மூட்டை கட்டலாம். காடு கழனி உள்ளவர்களுக்கு வயல் தரையில் இருக்கும். இவர்களுக்குத் தலைக்குமேல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கவரைக் காய வைக்கிற தகரம் அதற்குக் கீழே படுத்திருக்கிறவனைச் சும்மா விடுமா? நடுப்பகலில் வீட்டுக்குள் போனால் பானைத் தண்ணீர்கூடக் குளிக்கிற சூட்டில் இருக்கும். ஆனாலும் யாரும் குறை சொன்னதில்லை. கூரை காய்ந்தால் அடுப்பு எரியும் என்பது அந்தத் தெருவின் கணக்கு.

அங்கே ஒருவருக்குச் சரிக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அது இப்போது அவருடைய மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. எதைச் சொன்னாலும் 'சரி' என்பார். இந்த மூட்டையை நீ எடுத்துக்கொள் என்றால் சரி, இல்லை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாலும் சரி. வாயில்லாப் பூச்சி என்று சிலர் இரக்கப்பட்டார்கள். அவர் மனைவி மட்டும், "பூச்சியாவது கடிக்கும்" என்பாள்.

வெயில் தணிப்புத் திட்டம் என்று ஒன்று வந்து, ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஓர் ஆளைக் குழுவுக்கு அனுப்பச் சொன்னபோது, அவரைப் பிடித்து அனுப்பியதும் அந்த வாய்க்காகத்தான். அனுப்பியவர் அவருடைய மச்சான், மனைவிக்கு மூத்த அண்ணன். தொட்டி வைத்திருப்பது அவர், தெருவில் நாலு பேர் கூடினால் பேசுவதும் அவர். தான் போனால் எதையாவது உளறிவிடுவோம், மாப்பிள்ளை போனால் உளறுவதற்கு வாயே இல்லை என்பது அவர் போட்ட திட்டம். கொடுப்பதை வாங்கிக்கொள், கேட்பதற்கெல்லாம் தலையை ஆட்டு, தொழிலைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே என்று சொல்லி அனுப்பினார்.

மச்சான் பயந்ததிலும் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் வேறோர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், அழுக்குத் தண்ணீர் சாக்கடையில் போகிறது என்று சொல்லித் தொட்டியை இடித்து, டிரம்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி தொட்டி கட்டும்வரை தெருவில் பாதிப் பேர் கூலிக்கு மண் சுமந்தார்கள். அன்றிலிருந்து ஒரு சட்டம். கையில் ஃபைலோடு யார் வந்தாலும், எதைக் கேட்டாலும், ஒன்றுமில்லை.

கூட்டம் நடந்த மண்டபம் ஜில்லென்று இருந்தது. இதுவரை விடுபட்டுப்போன மக்களையும் பருவநிலைப் பணியில் சேர்த்துக்கொள்வோம் என்று சுவரில் பெரிய பேனர். சரிக்காரர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, விடுபட்டது தாங்கள்தான் என்று புரிந்து, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். திட்டத்தின் மேடம் இளவயசுக்காரி, குரலை உயர்த்தாமல் பேசினாள். கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், வீட்டுக்குள் சூடு இறங்காது என்றாள். அவர் தேநீரைக் குடித்துவிட்டு, கேட்டபோதெல்லாம் சரி என்றார்.

தெருவைப் பார்க்க மேடம் வருகிறாள் என்று தெரிந்ததும் மச்சான் எல்லாக் கூரைகளையும் காலி பண்ணச் சொன்னார். கவர், செங்கல், சாக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் இறக்கி, விளக்குமாறால் கூட்டி, தண்ணீர் தெளித்து வைத்தார்கள். மச்சானின் மனைவி தெருவுக்கே கழுவுக்காரி, சோப்புத் தண்ணீரில் கை இரண்டும் வெடித்திருக்கும். சரிக்காரர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "என் கல்யாணத்துக்குக்கூட வீட்ட இப்படிக் கூட்டலை" என்று அவள் கூரைமேல் நின்று சொல்ல, தெருவே சிரித்தது.

மேடம் வந்து ஏணியடியில் நின்றபடி கேட்டாள். "ஐயா, இந்தக் கூரைய நீங்க எதுக்காவது பயன்படுத்துறீங்களா? துணி காயப்போடுறது, சாமான் வைக்கிறது, ஏதாவது?"

சரிக்காரருக்குப் பின்னால் மச்சான் நின்றார். கூரைமேல் ஒன்றுமில்லைங்க என்றார் சரிக்காரர். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு எதற்கோ சந்தேகப்பட்டவள் மாதிரி இன்னொரு தடவையும் கேட்டாள். அவரும் இன்னொரு தடவை சொன்னார். அவள் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான கூரையை எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை என்று மெச்சிவிட்டுப் போனாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமை எல்லோருக்கும்.

சரிக்காரருக்கு மட்டும் அதில் இன்னொரு ஆசையும் இருந்தது. அவருடைய மகள் எட்டு மாசக் கர்ப்பிணி. மருமகன் நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவன், மாசத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். தனியாக இருக்க வேண்டாம் என்று இங்கே கூட்டி வந்தார்கள். வந்த வாரமே அடுப்புக்கு முன்னால் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, சூடுதான் காரணம், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டாள். குளிர்ச்சியான இடத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? மனைவி ஈரத் துண்டைப் பிழிந்து பிழிந்து மகளின் நெற்றியிலும் கழுத்திலும் போடுவாள். துண்டு சீக்கிரமே காய்ந்துவிடும். சரிக்காரர் வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்தால் ஏதோ நடந்துவிடும் என்று அவருக்கு ஒரு பயம்.

பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். நீளக் கம்பில் உருளை மாட்டி, கூரை கூரையாக அடித்துக்கொண்டே போனார்கள். தெரு முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி ஆயிற்று. மேலே யாரும் ஏறக்கூடாது, எதையும் வைக்கக்கூடாது, கீறல் விழுந்தால் பலன் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கும் சரி என்றுதான் சொன்னார்.

மறுநாள் மதியம் சோற்றுக்கு வந்தபோது வீட்டுக்குள் சத்தமே இல்லை. பதறிப்போய் உள்ளே பார்த்தார். மகள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் துண்டு இல்லை. பகலில் அவள் தூங்கி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. தகரத்தில் கையை வைத்துப் பார்த்தார், கை வைக்க முடிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது அவருக்கு. சத்தமில்லாமல் வாசல்படியில் உட்கார்ந்து, சோற்றை மறந்து, அவள் எழுந்திருக்கும்வரை அங்கேயே இருந்தார்.

வீட்டுக்குள் வந்த குளிர்ச்சி தொழிலைப் பிடித்துக்கொண்டது. ஏறாதே என்றால் ஏறாமல் இருக்க முடியுமா, ஆட்கள் அந்தப் பக்கம் போனதும் எல்லோரும் ஏறினார்கள். வெள்ளைத் தகரம் சுடவில்லை. மேல் பக்கம் காய்ந்தது, அடிப்பக்கம் ஈரம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சாயங்காலம்வரை புரட்டினாலும் சலசலப்பு வரவில்லை, சொத சொதவென்றிருந்தது. போதாததற்கு வெளிச்சம் வேறு கண்ணைக் குத்தியது. மச்சானின் மனைவி இறங்கி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வடிந்தது. செங்கல் உரசிய இடத்தில் பெயிண்ட் பெயர்ந்தது. கீழே தெருவிலேயே பரப்பிப் பார்த்தார்கள். மண் ஒட்டியது, சைக்கிள் ஏறியது, மத்தியானக் காற்று ஒரு வாரி வாரிப் பெரிய ரோட்டில் கொண்டுபோய்ப் போட்டது.

மூட்டை வாங்குகிறவர் நல்ல மனிதர்தான். ஆனால் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு நடுவில் இருப்பதை எடுத்து முகர்ந்து பார்ப்பார். ஈரம் என்றால் ஒரே பேச்சு, எடுத்துக்கொண்டு போ. முதலில் ஒரு வீட்டு மூட்டை திரும்பி வந்தது. அப்புறம் மச்சான் வீட்டு மூட்டையே திரும்பி வந்தது. அதுவரை வெள்ளைத் தெரு என்று வேடிக்கை பேசியவர்களெல்லாம் சரிக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கூட்டத்துக்குப் போய்த் தலையை ஆட்டிவிட்டு வந்தவர் அவர்தானே.

மச்சான் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டிப் பட்டறையில் வாங்கிய பழைய கறுத்த ஆயில், அதில் கரித்தூள் குழைத்திருந்தது. தகரம் பழையபடி சுடுவதற்காக, ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கூரைக்கும் பூசிவிடுவது என்று தெருவில் பேசி முடித்தாயிற்றாம்.

"கூட்டத்துக்குப் போனது நீதான் மாப்ள," என்றார். "அதனால கறுப்புலயும் முதல் கூரை உன்னோடதா இருக்கட்டும். உன் கூரை கறுத்தாத்தான் மத்தவன் பயப்படாம பூசுவான்."

கவரின் கைப்பிடியை வெட்டிக்கொண்டிருந்த சரிக்காரரின் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணே, உள்ள புள்ள படுத்திருக்கா."

"தெரியாதா எனக்கு? அவ என் மருமக. பகல்ல மட்டும் ரோட்டு மரத்தடியில ஒரு பாயப் போட்டு உக்கார வை."

"எட்டு மாசக்காரியையா? லாரியும் பஸ்ஸும் போற ரோட்டுலயா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? மூட்டை திரும்பி வந்தா அவளுக்கு மருந்து எங்கேர்ந்து வரும்? நான் என்ன சந்தோஷமாவா சொல்றேன்?" மச்சானின் குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க டின்னை ஒரு உதை உதைத்தார். "நீ சொல்லு மாப்ள."

"சரி," என்றார் சரிக்காரர்.

தும்மல் மாதிரி வந்துவிட்டது. வந்த பிறகு பிடித்து வைக்க முடியுமா? மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாயங்காலம் சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா சொல்றதும் சரிதாம்ப்பா," என்றாள் மகள். "தெருவே பட்டினி கிடக்கணுமா எனக்காக? நான் மரத்தடியில இருந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அழுதிருந்தாலும் தாங்கியிருப்பார். அவள் அவருடைய குரலிலேயே, அவருடைய வாயாலேயே சரி என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. சொத்து சுகம் எதையும் கொடுக்கவில்லை, இந்த ஒரு சொல்லைத்தான் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. எழுந்து வெளியே போனார். தெருக்கோடிவரை போய்த் திரும்பினார். மறுபடி போனார். தொட்டியடியில் நின்றவர்கள் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றார். அப்போதுதான் தன் வாயில் இருப்பது இரண்டே சொல் என்று அவருக்குத் தோன்றியது. ஒன்று சரி, இன்னொன்று ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகாமல் திட்டத்து அலுவலகத்துக்குப் போனார். வராண்டாவில் பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. மேடம் உள்ளே கூப்பிட்டதும் வணக்கம்கூடச் சொல்லாமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

"கூரைமேல இருக்குதுங்க."

"என்ன இருக்கு?"

"கவருங்க. கழுவி அங்கதான் காய வைக்கிறோம். தெரு பூரா. அதுதாங்க எங்க பொழப்பு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு தடவை கேட்டேனே ஐயா."

"கேட்டீங்க."

"ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தாங்க சொன்னேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, அதை அவள் ஒளிக்கவில்லை. சொல்லியிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்போம், கூரைக்கு மேலே ஆள் உயரத்தில் கம்பி இழுத்திருக்கலாம், அதில் கவர் காய்ந்தால் பெயிண்டுக்கும் கெடுதல் இல்லை, காற்றும் அடியில் போகும் என்றாள். எல்லாக் காசும் பெயிண்டில் போன பிறகு வந்து சொன்னால் நான் யாரிடம் போய் நிற்பேன் என்றும் கேட்டாள்.

"சொல்லியிருந்தா தொட்டிய இடிச்சுருப்பீங்கன்னு பயங்க," என்றார்.

"அது நாங்க இல்ல. அது வேற ஆபீஸ்."

"எங்களுக்கு எல்லா ஆபீஸும் ஒண்ணுதாங்க மேடம். வண்டி வரும், சாமான் போகும்." சொல்லிவிட்டு அவரே திகைத்தார். இவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசினதில்லை. வந்ததோடு வரட்டும் என்று மகளின் கதையையும், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும் ஆயில் டின்னையும் சொல்லி முடித்தார்.

மேடம் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். கோபம் இறங்கியிருந்தது. நாளைக்கு மேலதிகாரி அந்தத் தெருவைப் பார்க்க வருகிறார், நன்றாக இருந்தால் மற்ற தெருக்களுக்கும் இதையே செய்யப் போகிறார்கள் என்றாள். அவரிடம் சொல்லலாம். ஆனால் ஒரு வீடு மட்டும் சொன்னால் அது ஒரு ஆளின் குறை. அதற்காகத் திட்டத்தை மாற்ற மாட்டார்கள். தெருவே சொல்ல வேண்டும்.

"இன்னொன்னையும் சொல்லிடறேன்," என்றாள். "தெரிஞ்ச பிறகு, கழுவுறதையே நிறுத்துங்கன்னு அவர் சொன்னாலும் சொல்லலாம். நான் உங்க பக்கம் பேசுவேன். கேப்பார்னு உத்தரவாதம் தர முடியாது. அத மறைச்சுட்டு உங்களச் சொல்ல வைக்க எனக்கு இஷ்டமில்ல."

அவர் சரி என்று சொல்லப்போய், நிறுத்திக்கொண்டு, பார்க்கிறேங்க என்றார்.

நேரே தொட்டிக்குப் போய் எல்லோர் முன்னாலும் மச்சானிடம் சொன்னார். போனது, சொன்னது, நாளைக்கு வரப்போவது, கழுவுவதையே நிறுத்தச் சொன்னாலும் சொல்லலாம் என்று மேடம் எச்சரித்தது, ஒன்றையும் விடவில்லை. மச்சான் கையிலிருந்த ஈரக் கவரைத் தண்ணீரில் அறைந்தார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சு வச்சிருந்தோம். நீ போய்ச் சோத்தக் கிளறிட்டு வந்திருக்க."

"மறைச்ச சோத்த இப்ப யாரு மச்சான் திங்கிறா? மூட்டை திரும்பித்தானே வருது?"

தெரு அசந்துபோனது. சரிக்காரர் எதிர்ப்பேச்சுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் பயம் ஆச்சரியத்தைவிடப் பெரியது. தொட்டி போன காலத்தை ஒருவர் நினைவுபடுத்தினார், கர்ப்பிணி வீட்டுக்கு வேண்டுமானால் ஏதாவது விசிறி வாங்கித் தரலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் மச்சான் தீர்ப்புச் சொன்னார். நாளைக் காலையில் கூரைகள் காலியாக இருக்க வேண்டும். யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வீட்டுக்காரர் இனிமேல் தொட்டிப் பக்கம் வர வேண்டியதில்லை. தொட்டி இல்லாதவன் அந்தத் தெருவில் எதைக் கழுவிப் பிழைப்பான்? மச்சானின் மனைவி குனிந்த தலை நிமிராமல் கவரைப் பிழிந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் கலைந்த பிறகும் அதையே பிழிந்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோது கூரைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று காலியாகக் கிடந்தன. சரிக்காரர் ஏணியை எடுத்துத் தன் கூரையில் சாய்த்தார். முதல் படியில் காலை வைத்துவிட்டு நின்றார். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிவிட்டார்கள், ஊரும் மகளும் எதிரெதிரே நின்றால் யாரோடு ஒத்து வாழ்வது என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம். மனைவி ஈரக் கூடையோடு நின்றாள். "ஏறுங்க," என்றாள். "நான் எடுத்துத் தர்றேன்." இரண்டு நாளுக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அதுதான்.

பெயிண்ட் கெடாமல் பழைய துணியை விரித்து, அடியில் மரச்சட்டம் ஓடுகிற இடமாகப் பார்த்துக் கால் வைத்து, அவர் கவரைப் பரப்பினார். தெரு அவரவர் வாசலில் நின்று பார்த்தது.

வெயில் ஏறிய பிறகு மேடமும் மேலதிகாரியும் வந்தார்கள். மேலதிகாரி கனத்த உடம்புக்காரர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நடந்தார். வெள்ளைக் கூரைகளைப் பார்த்து அவருக்குத் திருப்தி. பேஷ் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சரிக்காரரின் வீட்டுக்கு முன்னால் நின்றார். இது என்ன என்று மேடத்திடம் கேட்டார். அவள் கூரைமேல் நின்றவரைக் கை காட்டினாள்.

"கவருங்க," என்றார் சரிக்காரர் மேலேயிருந்து. "கழுவிக் காய வைக்கிறோம். பெயிண்டால வீடு குளிர்ந்துச்சு, எம் மக தூங்குறா, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கவர் காயலைங்க. கவர் காயலைன்னா எங்களுக்குச் சோறு இல்லை. எங்க வீடு மட்டும் இல்லைங்க, தெருவே இப்படித்தான்."

மேலதிகாரி திரும்பித் தெருவைப் பார்த்தார். அப்படியா என்று பொதுவாகக் கேட்டார். ஒரு கிழவர் தனக்குக் காது கேட்காது என்று சைகை காட்டினார். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சான் இரண்டு அடி முன்னால் வந்து, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, அது அவர் வீட்டுச் சமாச்சாரம், எங்கள் கூரைகளை நீங்களே பாருங்கள் என்றார்.

"அப்ப ஒரு வீடுதான்," என்றார் மேலதிகாரி. "எடுக்கச் சொல்லுங்கம்மா. பெயிண்ட் வீணாகுது." அவர் அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தார். மேடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அவர் காதில் அது ஏறினதாகத் தெரியவில்லை.

சரிக்காரர் கூரைமேல் நின்றார். கீழே தெரு நன்றாகத் தெரிந்தது, தெரிந்த முகங்கள் எல்லாம் வேறெங்கோ பார்த்தன. கண் கூசியதா, கலங்கியதா, அவருக்கே தெரியவில்லை. போயிற்று என்று நினைத்தார். தொட்டி போயிற்று, மச்சான் போயிற்று, நாளைக்குக் கூரையும் கறுத்துவிடும்.

அப்போது மச்சானின் வீட்டிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். தலையில் ஈர மூட்டை. தண்ணீர் முகத்தில் வழிந்து, மேலதிகாரியின் பூட்ஸைத் தாண்டி நடந்த வழியெல்லாம் கோடு போட்டது. தன் வீட்டு ஏணியைக் காலால் நெம்பிச் சரிபண்ணினாள்.

"உள்ள போ," என்றார் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு கூரைல காஞ்சா அது திருட்டு மாதிரித்தான் தெரியும்," என்றாள் அவள். சத்தம் போடவில்லை, ஆனால் தெருக்கோடிவரை கேட்டது. "ரெண்டு கூரைல காஞ்சாத்தான் தொழில்னு தெரியும். ஏணியப் பிடிங்க, ஈரம் கனக்குது."

மச்சான் அசையவில்லை. அவள் அவருக்காகக் காத்திருக்காமல் ஏற ஆரம்பித்தாள். மூன்றாவது படியில் ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மச்சான் ஒரே தாவலில் போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. அவள் மேலே போய் மூட்டையை அவிழ்த்து, வெள்ளைத் தகரத்தில் வழக்கமாகப் பரப்புகிற மாதிரியே பரப்பினாள். எதிர்வரிசையில் சாத்திய கதவு திறந்து, ஒரு கூடை வெளியே வந்தது. அதற்கப்புறம் எங்கேயோ இன்னொரு ஏணி சுவரில் முட்டியது.

மேலதிகாரி திரும்பி வந்தார். முகத்தில் திருப்தி இல்லை. என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்காது. கழுத்தைத் துடைத்தபடி அந்தக் கூரையையும் இந்தக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சானிடம், இதெல்லாம் எங்கே கழுவுகிறீர்கள், காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

மச்சானின் வாய் ஒன்றுமில்லை என்பதற்குத்தான் திறந்தது, பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. மேலே அவர் மனைவி கவரைப் பரப்புவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அத எங்க மாப்ளகிட்ட கேளுங்க," என்றார் மச்சான். "உங்க கூட்டத்துக்கு எங்க தெரு அனுப்புன ஆளு அவருதான்."

சரிக்காரர் ஏணியில் இறங்கி வந்தார். மேடம் புதிய பக்கத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனபோது, மனைவி வாசலுக்கு வந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். மகள் இப்போதுதான் கண்ணை மூடினாளாம். மேலதிகாரியும் தலையை ஆட்டிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சரிக்காரர் அவர் பக்கத்தில் நெருங்கி நின்று, மூட்டை வந்து இறங்குவதிலிருந்து, ஒன்றையும் விடாமல், மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.